கை தூக்காத பிள்ளை

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, நேரம் ஒதுக்கிப் படியுங்கள். உங்களில் ஆசிரியர் வேலையில் இருப்பவர்கள் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளும் தொடக்கப் பள்ளி டீச்சர். "டீச்சர், என் கிளாஸ்ல ரெண்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் அடிக்கடி விழறான். தரையில இருந்து எழுந்திருக்கும்போது முட்டியில கை ஊணி, அப்புறம் தொடையில கை வச்சி, தன் மேலயே தான் ஏறுற மாதிரி எழுந்திருக்கிறான். நீங்க எங்களுக்கு ஒரு பையனப் பத்தி சொல்லியிருக்கீங்களே, அந்த ஞாபகம் வந்துச்சி. அதான் கேக்கிறேன்" என்றாள்.

உடனே டாக்டரிடம் அழைத்துப் போகச் சொன்னேன். எந்த ரத்தப் பரிசோதனை என்பதையும் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அந்தப் பழைய பையன் நினைவிலேயே இரண்டு நாள் போயிற்று. அவனைப் பற்றியும், அவனுக்கு வந்த நோயை உலகம் எப்படிக் கண்டுபிடித்து, எப்படி அளந்து வந்திருக்கிறது என்பதைப் பற்றியும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

1990களின் தொடக்கம். அவன் என் வகுப்பில் நான்காவது படித்தான். பெயர் வேண்டாம். கெண்டைக்கால் இரண்டும் உருண்டு திரண்டு இருக்கும். "பெரிய பந்தாட்டக்காரன் கால் மாதிரி இருக்குதுடா" என்று கேலி செய்வோம். ஆனால் ஓடினால் விழுவான். விரல் நுனியில் நடப்பான். நான் அதைச் சேட்டை என்று நினைத்தேன்.

ஆறாவது வந்தபோது அவனால் நடக்க முடியவில்லை. அவன் அப்பா சைக்கிளில் வைத்து அழைத்து வந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போவார். கால் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கையைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, "தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்பது என் வழக்கம். அவன் தூக்கவே மாட்டான். பக்கத்துப் பையனிடம் மெதுவாக விடையைச் சொல்வது எனக்கே கேட்கும். அப்படியும் கை தூக்க மாட்டான். அரையாண்டு மதிப்பெண் அட்டையில் நான் எழுதினேன்: "பாடத்தில் ஈடுபாடு போதாது."

அவன் அம்மா அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். கோபமாக வரவில்லை. "டீச்சர், அவனுக்குத் தெரியாம இல்ல. கை மேல வர மாட்டேங்குது. எங்க வீட்டு சாமி மாடத்துல திருநீறு இருக்கும். போன ஆடியில அவனா எடுத்துப் பூசிக்குவான். தையில ஒரு கைய இன்னொரு கையால தாங்கி எடுத்தான். இந்த ஆடிக்கு நான்தான் பூசி உடுறேன். சோறு துன்னக் கூட தட்ட மடியில வச்சிக்கினு, தலையக் குனிஞ்சி கைகிட்ட கொண்டாறான்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆடி, தை, ஆடி என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிள்ளையின் கையை அவள் அளந்து வைத்திருந்தாள். பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய நான் ஒரு வருஷமாக எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் பார்க்கவில்லை. அந்த அட்டையை அடித்துத் திருத்திக் கொடுத்தேன். எழுதியது எழுதியதுதான்.

இனி இந்த நோயின் வரலாற்றுக்கு வருகிறேன்.

தசைச்சிதைவு நோயில் பல வகை உண்டு. குழந்தைகளுக்கு வருவதில் அதிகம் காணப்படுவதும் கடுமையானதும் டுஷேன் வகை. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும். சுமார் 3500 முதல் 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

இதை முதலில் தெளிவாக எழுதியவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் எட்வர்ட் மெரியன். 1851 டிசம்பரில் அங்குள்ள மருத்துவச் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். மூன்று குடும்பங்களில் எட்டுப் பையன்களைப் பார்த்திருந்தார். இறந்த பையனின் தசையை நுண்ணோக்கியில் பார்த்து, கெட்டுப்போயிருப்பது தசையேதான், தண்டுவடம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். தசை நாரின் உறை உடைந்திருப்பதையும், நோய் தாய் வழியாக வருவதையும் கவனித்தார். இத்தனை சொல்லியும் நோய்க்கு அவர் பெயர் வரவில்லை.

பெயர் போனது பிரான்ஸ் நாட்டு மருத்துவர் டுஷேனுக்கு. 1806இல் பூலோன் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். பாரிசுக்குப் போய், தோலின் மேல் மின்சாரம் வைத்து ஒவ்வொரு தசையும் என்ன வேலை செய்கிறது என்று தனித்தனியாகச் சோதித்தவர். உயிரோடிருக்கும் நோயாளியிடமிருந்து துளியூண்டு தசையை எடுத்துப் பார்க்க ஊசி போன்ற கருவி ஒன்றும் செய்தார். புகைப்படக் கலை புதிதாக வந்த காலம் அது. நோயாளிகளைப் படம் பிடித்தும் வைத்தார். 1861இல் ஒரு பையனைப் பற்றி எழுதினார். 1868இல் 13 பேரைப் பற்றி விரிவாக எழுதினார். நாங்கள் கேலி செய்த அந்தப் பருத்த கெண்டைக்கால் அவருடைய படங்களிலும் இருக்கிறது. அது தசையின் வளர்ச்சி கிடையாது. செத்த தசையின் இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து நிரம்பிக்கொள்வதால் வரும் பருமன்.

அடுத்தவர் லண்டனின் வில்லியம் கவர்ஸ். 1879இல் இந்த நோய் பற்றி அவர் ஆற்றிய உரைகள் புகழ்பெற்றவை. தரையிலிருந்து பிள்ளை தன் கால் மேலேயே கை வைத்து ஏறி எழுவதை அவர் துல்லியமாக விவரித்தார். இன்றும் உலகம் முழுவதும் மருத்துவ மாணவர்கள் அதைக் "கவர்ஸ் அறிகுறி" என்றுதான் படிக்கிறார்கள். என் மாணவி போனில் சொன்னது அதேதான். இடுப்பும் தொடையும் செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது. காலுக்கு முட்டுக்கொடுக்கும் அந்தக் கைக்கும் அதே நோய் இருக்கிறது. அது மெதுவாக வெளியே தெரியும், அவ்வளவுதான்.

காரணம் தெரிய இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1986இல் அமெரிக்காவில் லூயிஸ் குன்கெல் குழுவினர் இதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். 1987இல் அந்த மரபணு செய்யும் புரதத்துக்கு டிஸ்ட்ரோஃபின் என்று பெயர் வைத்தார்கள். மாட்டு வண்டிக்கு வில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வில் இல்லாத வண்டி குண்டும் குழியுமான பாதையில் போனால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அச்சும் சட்டமும் அடிவாங்கும். தசைக்கு அந்த வில் மாதிரிதான் டிஸ்ட்ரோஃபின். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை தசை சுருங்கும்போதும் நாரின் உறை கிழிகிறது. சின்ன வயதில் உடம்பு கிழிந்ததைத் தைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் தைக்க முடியாமல் போய்விடும்.

எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் போவதில்லை. உடம்பின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இருப்பவை முதலில் போகும். கையில் தோள் முதலில், பிறகு முழங்கை, கடைசியில்தான் மணிக்கட்டும் விரலும். அதனால்தான் கை தூக்க முடியாத பையன் அழகாக எழுதுவான். என் மாணவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போக மட்டும் அவனுக்குக் கை நகராது. விரலால் நோட்டை மெதுவாக இழுத்து நகர்த்திக்கொள்வான். அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

சரி, கையின் பலம் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் வரலாறு சுவையாகிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, பாஸ்டன் நகரில் ராபர்ட் லவெட் என்ற எலும்பு மருத்துவரும் அவருடைய உதவியாளர் வில்ஹெல்மின் ரைட் என்ற பெண்மணியும் ஒரு வழி கண்டார்கள். புவியீர்ப்பையே தராசாக வைத்துக்கொண்டார்கள். கையைத் தூக்க வேண்டுமானால் அதன் எடையை எதிர்த்துத் தூக்க வேண்டும். அது முடிகிறதா, முடியவில்லையா என்று பார்த்தார்கள். 1912இல் ரைட் இந்த முறையை எழுதி வெளியிட்டார்.

இரண்டாம் உலகப் போரில் நரம்பு அடிபட்ட சிப்பாய்களைச் சோதிக்க, 1943இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு இதைச் சீர்படுத்தி 0 முதல் 5 வரை மதிப்பெண் வைத்தது. அசைவே இல்லை என்றால் 0. துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. எடையைத் தாங்கிப் பிடித்தால் அசையும் என்றால் 2. எடையை எதிர்த்துத் தூக்க முடிந்தால் 3. நாம் அழுத்தியும் ஓரளவு எதிர்த்து நின்றால் 4. முழு பலம் என்றால் 5. இன்றும் எந்த நரம்பியல் டாக்டரிடம் போனாலும் இந்த மதிப்பெண்தான்.

கைப் பலத்தைச் சோதித்த கதையில் நமக்குப் பக்கத்து ஊர் செங்கல்பட்டுக்கும் ஓர் இடம் உண்டு. வேலூர் சி.எம்.சி.க்கு 1946இல் வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க ராபர்ட் காக்ரேனிடம் வந்தார். அங்கே விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பலமே இருக்காது என்று நினைத்துத்தான் கொடுத்தார். பிடித்த பிடியில் அவருக்கு வலித்தது. மடங்கிப்போன கையிலும் சில தசைகள் முழு பலத்தோடு இருக்கின்றன என்று அப்போது தெரிந்தது. எந்தத் தசை போயிற்று, எது நிற்கிறது என்று கணக்கெடுத்து, நல்ல தசையை இடம் மாற்றிக் கட்டும் அறுவை சிகிச்சை வேலூரில் அதிலிருந்து வளர்ந்தது. அந்த நோய் வேறு. தசைச்சிதைவில் எல்லாத் தசைக்கும் ஒரே குறை என்பதால் இந்த சிகிச்சை அதற்குப் பயன்படாது. ஆனாலும் கை முழுவதும் போய்விட்டது என்று கண்ணால் பார்த்து முடிவு கட்டாமல், பிடித்துப் பார்த்து எழுது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

தசைச்சிதைவுக்கென்று தனி அளவுகோல் வந்தது 1981இல். அதற்கு முன் இந்த நோய்க்கு எத்தனையோ மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் "என் மருந்து கேட்கிறது" என்றார்கள். கேட்கிறதா என்று பார்க்கப் பொதுவான அளவு இல்லை. அமெரிக்காவில் மைக்கேல் புரூக் என்பவரும் சில ஆஸ்பத்திரிகளைச் சேர்ந்த மருத்துவர்களும் ஒன்றுசேர்ந்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அளப்பது என்று முடிவு செய்தார்கள். அதில் கைக்கு வைத்த ஆறு படிகளை எளிமையாகச் சொல்கிறேன்.

முதல் படி: இரண்டு கையையும் பக்கவாட்டில் வட்டமாகத் தூக்கித் தலைக்கு மேல் சேர்க்க முடியும்.

இரண்டாம் படி: முழங்கையை மடக்கினால்தான் தலைக்கு மேல் போகும்.

மூன்றாம் படி: தலைக்கு மேல் போகாது. ஆனால் கால் லிட்டர் அளவுள்ள தண்ணீர்த் தம்ளரை, இரண்டு கையாலாவது, வாய்க்குக் கொண்டுபோக முடியும்.

நான்காம் படி: வெறும் கை வாய்க்குப் போகும். தம்ளர் போகாது.

ஐந்தாம் படி: கை வாய்க்குப் போகாது. பேனா பிடிக்கவும் மேசை மேல் உள்ள காசைப் பொறுக்கவும் முடியும்.

ஆறாம் படி: கையால் பயனுள்ள வேலை எதுவும் முடியாது.

இதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். படித்தபோது கை நடுங்கியது. சாமி மாடமும் சோற்றுத் தட்டும் வைத்து அந்த அம்மா சொன்னது கிட்டத்தட்ட இதே படிகள்தான். ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனை அழைத்துப் போனபோது சீட்டில் "கை பலவீனம்" என்ற அளவுக்குத்தான் எழுதிக் கொடுத்தார்களாம். அவள் சொன்ன ஆடியும் தையும் அந்தச் சீட்டில் ஏறவில்லை.

ஒரே மாதிரி அளக்க ஆரம்பித்ததால் ஒரு நன்மை விளைந்தது. இந்தப் பிள்ளைகளின் பலம் வயது ஏற ஏற ஏறக்குறைய நேர்கோட்டில் இறங்குகிறது என்று தெரிந்தது. கோடு தெரிந்துவிட்டால், மருந்து அந்தக் கோட்டை நிமிர்த்துகிறதா என்று பார்க்கலாம். 1989இல் 103 பையன்களை வைத்து, ஆறு மாதம், பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைச் சோதித்தார்கள். பலம் கூடியது அளவில் தெரிந்தது. நோயைக் குணப்படுத்தாது, பக்க விளைவும் உண்டு. ஆனால் நடக்கும் காலத்தையும் கை பயன்படும் காலத்தையும் நீட்டித் தரும் மருந்தாக அதன் வகை இன்றும் டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கப்படுகிறது. அளவுகோல் வராமல் இருந்திருந்தால் அதையும் பத்தோடு பதினொன்றாகத் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகும் ஒரு பெரிய குறை இருந்தது. 2000க்குப் பிறகு புதிய மருந்துகள் சோதனைக்கு வந்தபோது, பலவற்றில் முக்கிய அளவாக வைத்தது ஆறு நிமிட நடை. ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறான் என்று பார்ப்பார்கள். அப்படியென்றால் நடக்க முடியாதவன் சோதனைக்கே போக முடியாது. சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு மருந்து கேட்கிறதா என்று பார்க்க வழியே இல்லாமல் போயிற்று. கால் போனதும் எல்லாம் போனது என்று நாங்கள் பள்ளியில் நினைத்தோமே, அதையேதான் பெரிய பெரிய ஆராய்ச்சிகளும் செய்தன.

இன்னொரு பக்கம் அந்தப் பிள்ளைகள் அதிக நாள் வாழத் தொடங்கியிருந்தார்கள். இரவில் மூச்சுக்கு உதவும் கருவி வந்ததுதான் முக்கியக் காரணம். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் கணக்கெடுத்து 2002இல் வெளியிட்டார்கள். 1960களில் சராசரி ஆயுள் 14.4 வயதாக இருந்தது. 1990க்குப் பிறகு மூச்சுக் கருவி வைத்தவர்களுக்கு 25.3 வயதாக உயர்ந்தது. அதாவது நடக்க முடியாத பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷமோ அதற்கு மேலுமோ வாழ்கிறார்கள். அத்தனை வருஷமும் அவர்களுக்கு உலகம் என்பது கைதான். தானாகச் சாப்பிடுவது, மூக்கைச் சொறிவது, கண்ணாடியைச் சரிசெய்வது, போன் பார்ப்பது, மின்சார நாற்காலியின் குமிழைத் திருப்புவது எல்லாம் கை வேலை.

அதனால் பல நாட்டு இயன்முறை மருத்துவர்களும் டாக்டர்களும் சேர்ந்து, பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டு, 2013இல் கைக்கென்றே ஒரு தேர்வை வெளியிட்டார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாகப் "புல்" என்பார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டும் விரலும் என்று மூன்று பகுதி. எடையைத் தூக்குவது, டப்பாக்களை அடுக்குவது, மூடியைத் திறப்பது, காகிதத்தைக் கிழிப்பது, காசு பொறுக்குவது, கோட்டின் மேலேயே தொடர்ந்து செல்வது என்று போகிறது. பிறகு திருத்திய பதிப்பில் மொத்தம் 42 மதிப்பெண். தோளுக்கு 12, முழங்கைக்கு 17, கீழ்ப் பகுதிக்கு 13. ஒன்றாம் வகுப்பு செயல்வழிக் கற்றல் அட்டை மாதிரியே இருக்கிறது. இதில் 20 மதிப்பெண் வாங்கியவன் அடுத்த வருஷம் 18 வாங்கினால், எந்தப் பகுதியில் குறைந்தது என்று தெரியும். தோள் மதிப்பெண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டாலும் விரலுக்கு முழு மதிப்பெண் இருக்கலாம். முழங்கையில் எப்போது மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே வரலாம்.

கலிபோர்னியாவில் ஜே ஹான் என்ற மருத்துவரின் குழு, வீடியோ விளையாட்டுக்கு விற்கும் கினெக்ட் காமிராவை எதிரில் வைத்து, கை எட்டும் தூரத்தைப் படமாக வரைந்து அளந்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் தசைக்குள் எவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கிறது என்றும் அளக்கிறார்கள். 2023இல் அமெரிக்காவில் ஒரு மரபணு சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. விலை 32 லட்சம் டாலர். 2025இல் நடக்க முடியாத நிலையில் அதைப் போட்டுக்கொண்ட இரண்டு பையன்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகவே வாட்சப்பில் "புது ஊசி வந்துவிட்டது" என்று வருவதை நம்பிப் பணம் திரட்ட ஓடாதீர்கள். முதலில் நரம்பியல் டாக்டரைக் கேளுங்கள்.

இப்போது நம் நாட்டு நிலை. 1995இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. தசைச்சிதைவு நோய் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில். அதில் 21 வகை. தமிழக அரசு தசைச்சிதைவு உள்ளவர்களுக்கு மாதாமாதம் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மின்கல சக்கர நாற்காலியும் தருகிறது. தேர்வெழுத உதவியாளர் வைத்துக்கொள்ளலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். மரபணுப் பரிசோதனைக்கு, இந்த நோய்க்கென்றே உழைக்கும் எம்.டி.சி.ஆர்.சி. என்ற மையம் கோயம்புத்தூரில் இருக்கிறது.

சேலத்து வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகளைச் சிலர் அறிந்திருப்பீர்கள். ராஜராஜ சோழனின் தாய் பெயரைத் தாங்கியவர் மூத்தவர். இருவருக்குமே தசைச்சிதைவு. தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். வானவன் மாதேவி 2017 ஜனவரியில் காலமானார். உடம்பு முழுவதும் தளர்ந்தும் பேச்சாலும் விரலாலும் அவர்கள் செய்த வேலையை, நல்ல உடம்பு உள்ள நாம் செய்யவில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் நம் திருமுக்கூடலில், பெருமாள் கோவில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு. பொங்கலுக்கு மறுநாள் பார்வேட்டைக்குக் கூடும் கூட்டத்தில் எத்தனை பேர் அந்தச் சுவரைப் பார்த்திருப்பீர்கள்? வீரசோழன் ஆதுலர் சாலையில் 15 படுக்கை. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருபவர்கள், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு, ஒரு வருஷத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் எவை என்று பேர் பேராக எழுதியிருக்கிறது. எழுதி வைத்ததால்தான் ஏறக்குறைய 950 வருஷம் கழித்து நாம் பெருமை பேசுகிறோம். அந்த ஊரில் பிறந்தவர்கள் ஒரு பிள்ளையின் கையைப் பற்றி நாலு வரி எழுதி வைக்கக் கூடாதா?

ஆகவே என் வேண்டுகோள்.

ஆசிரியர்களே, அடிக்கடி விழுகிற, படி ஏறச் சிரமப்படுகிற, தரையில் கை ஊன்றித் தன் மேலேயே ஏறி எழுகிற, கெண்டைக்கால் பருத்த பிள்ளை இருந்தால் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். பெற்றோரைக் கூப்பிட்டு சி.பி.கே. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். டுஷேன் உள்ள பிள்ளைக்கு அது ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். சில சமயம் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவு ஏறியிருப்பதைப் பார்த்து, மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லி கொடுத்து மாதக்கணக்கில் வீணாக்குகிறார்கள். அந்த இரண்டும் தசை சிதைந்தாலும் ஏறும்.

பிள்ளைக்கு "உடற்பயிற்சி செய்தால் பலம் வரும்" என்று எடை தூக்க வைக்காதீர்கள். கிழிந்த துணியை இழுக்கிற மாதிரி ஆகும். மூட்டு இறுகாமல் மெதுவாக நீட்டி மடக்குவதை இயன்முறை மருத்துவர் சொல்லித் தருவார்.

உறவுகளே, மருமகளைப் பழிக்காதீர்கள். தாய் வழியாக வரலாம் என்பது உண்மை. ஆனால் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு அது தாயிடமிருந்து வராமல் புதிதாகவே உண்டாகிறது. மாமன் மகளைக் கட்டியதால் வந்தது என்பதும் டுஷேன் வகைக்குப் பொருந்தாது. தசைச்சிதைவில் வேறு சில வகைகளுக்குத்தான் சொந்தத்தில் திருமணம் காரணமாகும். அடுத்த குழந்தைக்கு முன் அம்மாவுக்கும் அவளுடைய சகோதரிகளுக்கும் மரபணு ஆலோசனை அவசியம்.

வீட்டில் பிள்ளை இருந்தால், ஒரு நோட்டுப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேதியோடு எழுதுங்கள். கை தலைக்கு மேல் போகிறதா? தம்ளரை ஒரு கையால் எடுக்கிறானா, இரண்டு கையாலா? சோற்றை வாய்க்குக் கொண்டு போகிறானா, வாயைச் சோற்றுக்குக் கொண்டு வருகிறானா? டாக்டர் மதிப்பெண் போடுவார். வீட்டில் நடப்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். மேசையின் உயரத்தைக் கூட்டினால், முழங்கைக்குத் தாங்கல் வைத்தால், தம்ளரில் உறிஞ்சு குழல் போட்டால், அவனே குடிப்பான். எது எப்போது வேண்டும் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

வகுப்பில் கை தூக்கச் சொல்லும் பழக்கத்தை நான் அந்த வருஷமே மாற்றினேன். விடை தெரிந்தவர்கள் பென்சிலைப் பெஞ்சில் தட்டினால் போதும் என்றேன். முதல் நாள் முதல் தட்டு அவனுடையதுதான். எட்டாவது வரை படித்தான். பெரும்பாலும் கணக்கில் அவன்தான் முதல். பதினெட்டு வயதில் போய்ச் சேர்ந்தான்.

துக்கத்துக்குப் போனபோது அவன் அம்மா பெட்டியிலிருந்து அவனுடைய நோட்டுகளை எடுத்துக் காட்டினாள். நடுவில் அந்த மதிப்பெண் அட்டையும் இருந்தது. நான் அடித்த வரிக்குக் கீழே அவன் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருந்தான்: "டீச்சர் திருத்திட்டாங்க."

போன் செய்த என் மாணவி நேற்று மறுபடியும் பேசினாள். அந்தப் பையனை அடுத்த வாரம் டாக்டரிடம் அழைத்துப் போகிறார்களாம். நல்ல செய்தியாக வரட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். எப்படி வந்தாலும், அவனைச் சோம்பேறி என்று யாரும் எழுத மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருமுக்கூடல்